வெள்ளித் தாயத்துப் பேழை எந்த ஊருடையது?

கேள்வி (கும்பகோணம்):
பாட்டியாரின் நகைப்பெட்டியில் இருந்த, கழுத்தில் அணியும் சிறு வெள்ளிப் பேழையின் முகப்பில் தாமரையும் முடிவிலா முடிச்சும், நடுவே நாகரியைப் போன்ற எழுத்துகளும் புடைத்து நிற்கின்றன. இது நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரையைச் சார்ந்ததாக இருக்கக்கூடுமா?

பதில் (தஞ்சாவூர்):
இருக்காது என்றே கருதுகிறேன். அவ்வூர்ப் பௌத்த விகாரையான சூடாமணி விகாரை முதலாம் இராசராசன் காலத்தில் எழுந்தது. நாகப்பட்டினத்தில் 1856 முதல் கிடைத்தவற்றுள் பெரும்பாலானவை வெண்கலப் புத்தர் படிமங்களே. தாங்கள் விவரிப்பது, மந்திரத் தாளையோ சிறு படிமத்தையோ உள்ளே வைத்துத் திபெத்தியர் அணியும் ‘கௌ’ எனத் தோன்றுகிறது. நேபாளத்து நேவார் கொல்லர்களும் இவ்வகை வேலையில் தேர்ந்தவர்கள். தடித்த தலைக்கோட்டின்கீழ் கால்கள் நீண்டு இறங்கினால் அது நேபாளத்தில் வழங்கிய ரஞ்சனா எழுத்தாகலாம். ஆறு எழுத்துகள் மட்டும் இருப்பின், பெரும்பாலும் ‘ஓம் மணி பத்மே ஹூம்’ என்னும் பௌத்த மந்திரம். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னி ஒரே உருவாகத் தெரிந்தால் காலசக்கரம் என்னும் திபெத்தியப் பௌத்த நெறியின் குறியாகும்.

பதில் (மயிலாடுதுறை):
மந்திரத்தைக் கொண்டு காலத்தைக் கணிக்க இயலாது; காத்மாண்டுக் கடைகளில் இன்றும் அதே மந்திரத்துடன் புதியவை விற்கப்படுகின்றன. வெள்ளியின் தூய்மையைக் காட்டும் ‘925’ முத்திரை இருந்தால் அண்மைக் காலத்துப் பொருளாகவே கொள்ளலாம். கயிறு கோக்கும் வளையங்களின் உட்புறத் தேய்மானத்தையும், பின்தகடு செம்பா வெள்ளியா என்பதையும் பாருங்கள். அதுவரை புளியிட்டுத் துலக்க வேண்டாம். பள்ளங்களில் படிந்த கருமையும் ஒரு சான்றுதான்.