புதுப்பிப்பு: கோட்டுக் காலர் கழுத்தில் உட்காராத பிரச்சினை தீர்ந்தது

அளவெடுத்துத் தைத்த கோட்டில் பின்கழுத்துப் பக்கம் காலர் சட்டையை விட்டு விலகி நிற்கிறது, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது சரியாகிவிட்டது. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

காரணம் நிற்கும் விதம்தான். அளவெடுக்கும்போது நாம் தானாகவே நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறோம். அன்றாடம் தலை கொஞ்சம் முன்னால் சாய்ந்தே இருக்கும். அப்போது முதுகுத் துணியின் நீளம் போதாமல் காலர் விலகுகிறது. தையல்காரர் என்னை வழக்கம்போல நிற்கச் சொல்லிவிட்டுச் சாக்பீஸால் குறித்தார். பிறகு காலரைப் பிரித்து, உள்ளே தையலுக்காக விட்டிருந்த துணியில் கொஞ்சத்தை வெளியே எடுத்து, மறுபடி பொருத்தினார். அளவு கொடுக்கும்போது தயவுசெய்து இயல்பாக நில்லுங்கள்!

தோள் பெரிதாக இருந்தால் பிறகு குறைக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். கோட்டின் இடுப்புப் பகுதியைப் பிடித்துத் தைப்பது எளிது. தோளைத் திருத்துவது பெரிய வேலை, அதில் கை வைக்காமல் இருப்பதே மேல். தோள் பொருந்தாத கோட்டை வாங்கவே வேண்டாம்.

கை நீளம்: கையைத் தொங்கவிட்டால் சட்டையின் கஃப் 1 செ.மீ. அளவுக்கு வெளியே தெரிந்தால் அழகு. இரண்டு பொத்தான் கோட்டில் மேல் பொத்தானை மட்டும் போடுங்கள், உட்காரும்போது அதையும் கழற்றிவிடுங்கள். அப்புறம், புதுக் கோட்டின் பின்பிளவில் குறுக்காக ஒரு நூல் போட்டிருக்கும். அது தற்காலிகத் தையல்தான், அதை வெட்டிவிட்டுக் கோட்டை அணியுங்கள்.

அடுத்து பேன்ட் நீளத்தைப் பார்க்க வேண்டும்.