விடுதியிலிருந்து வகுப்புக்குச் செல்ல மிதிவண்டி: ஆலோசனை தேவை

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். என் விடுதிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையே 6 கிலோமீட்டர் தொலைவு உள்ளது. இதுவரை நண்பரின் பைக்கில் சென்றுவந்த நான், அவர் படிப்பை முடித்துவிட்டதால், புகையில்லாத வேறொரு வழியைத் தேடிக்கொண்டிருக்கிறேன். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தால் 24 நிமிடங்களில் சென்றுவிடலாம். பேருந்துக்குக் காத்திருப்பதிலேயே சில நாள்களில் அவ்வளவு நேரம் போய்விடுகிறது.

பேட்டரியில் ஓடும் மிதிவண்டியையும் யோசித்தேன். 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரி ஒருமுறை முழுமையாக நிரம்ப ஏறத்தாழ 0.4 யூனிட் மின்சாரமே போதும் என்றாலும், லித்தியம் பேட்டரி தீப்பற்றக்கூடும் என்பதால் அறையில் சார்ஜ் செய்ய விடுதியில் அனுமதியில்லை. அந்த அச்சம் நியாயமானதே என்பதால் நான் வாதாடவில்லை.

ஆகவே சாதாரண மிதிவண்டிதான் என்று ஏறக்குறைய முடிவு செய்துவிட்டேன். பழைய வண்டி வாங்கும்போது சங்கிலி, பிரேக், சக்கரக் கம்பிகள் ஆகியவற்றின் தேய்மானத்தை எப்படிக் கண்டறிவது? மழை நாளில் பேருந்திலும் ஏற்றிச்செல்ல உதவும் மடக்கு மிதிவண்டி, அதன் சிறிய சக்கரங்களோடு அன்றாடம் 12 கிலோமீட்டருக்கு ஈடுகொடுக்குமா? இவ்வாறு சென்றுவரும் மாணவர்கள் தங்கள் அனுபவத்தைத் தெரிவித்தால், குறிப்பாக மடிக்கணினியை நனையாமல் கொண்டுசெல்லும் முறையைச் சொன்னால், நன்றியுடையவனாக இருப்பேன்.