சீலன்ட் பூசிய பல்லில் பிராக்கெட் கழல்வது ஏன்?

கேள்வி: பல்லை எட்ச் செய்து (அமிலத்தால் சொரசொரப்பாக்கி), எனாமல் சீலன்ட் (பல்லின் மேற்பரப்பைக் காக்கும் பூச்சு) பூசி, லைட் க்யூர் ஆனபின் (ஒளியால் இறுகியபின்) பிராக்கெட் (பல் சீரமைப்புக் கம்பியைத் தாங்கும் சிறு துண்டு) ஒட்டுகிறேன். கீழ் முன்கடைவாய்ப் பற்களில் மட்டும் கழல்கிறது. சீலன்டை விட்டுவிடலாமா?

பதில் 1: விடாதீர்கள் டாக்டர், பிராக்கெட்டைச் சுற்றி வெண்புள்ளி (சொத்தையின் தொடக்கம்) வராமல் காக்க அது உதவும். கழன்ற பிராக்கெட்டின் அடியைப் பாருங்கள். பசை முழுதும் அதிலேயே இருந்து பல் வெறுமையாக இருந்தால் கோளாறு எனாமல் பக்கம். கீழ் முன்கடைவாய்ப் பகுதியில் பெரும்பாலும் எச்சில்தான் காரணம். ஃப்ளோரைடு இல்லாத ப்யூமிஸால் (நுரைக்கல் பொடியால்) தேய்த்து, 37% பாஸ்பாரிக் அமிலம் 30 விநாடி வைத்து, நன்றாகக் கழுவி, சுண்ணாம்பு வெண்மை தெரியும்வரை உலர்த்துங்கள்.

பதில் 2: சீலன்ட் படலம் மெல்லியதாக இருக்கட்டும். தேங்கினால் பிராக்கெட் சரியாக உட்காராது. க்யூர் ஆனபின் எச்சில் பட்டால் கழுவி, உலர்த்தி, மீண்டும் மெல்லிய பூச்சு. ஃப்ளோரைடு வார்னிஷ் (பல்லில் பூசும் ஃப்ளோரைடு மருந்து) வேறு; பிராக்கெட் ஒட்டி முடித்த பிறகே அதைப் பூசுங்கள்.