‘ஹோல்ட்’ என்பதன் பழைய பொருள் பிடித்தலா, காத்தலா?

சொல்வேட்டையன் எழுதியது:

இன்றைய ஆங்கிலத்தின் ‘ஹோல்ட்’ என்னும் சொல்லுக்கு மூலம், 1066இல் நார்மானியர் வருவதற்கு முன்பு வழங்கிய பழைய ஆங்கிலத்தின் ‘ஹெயல்டன்’ என்ற வினை. கையால் பிடிப்பதே அதன் முதற்பொருள் என்றும், காத்தல், ஆளுதல், கடைப்பிடித்தல் ஆகியவை அதிலிருந்து கிளைத்தவை என்றும் பலர் எழுதுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. காத்தலே அடிப்படை என்பது என் கருத்து. 4ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா, ஆங்கிலத்துக்கு உறவான பழைய ஜெர்மானிய மொழியாகிய கோத்தியத்தில் பெயர்த்த விவிலியத்தில், ஊதாரி மகன் பன்றி மேய்க்க அனுப்பப்படும் இடத்தில் இச்சொல்லின் இனச்சொல்லான ‘ஹல்டன்’ வருகிறது. பன்றிகளைக் கையில் பிடித்துக்கொண்டு எவரும் மேய்ப்பதில்லை. அவற்றின் மேல் கண் வைத்திருப்பதுதான் மேய்ப்பவரின் வேலை. பழைய ஆங்கிலக் காவியமான ‘பேயோவுல்ஃப்’பில் டிராகன் 300 குளிர்காலம் (அதாவது ஆண்டுகள்) மண்ணுக்கடியில் புதையலைக் காத்துக் கிடந்தது என்பதற்கும், காவிய நாயகன் பேயோவுல்ஃப் 50 குளிர்காலம் நாட்டை நன்கு ஆண்டான் என்பதற்கும் கவிஞர் இதே வினையைத்தான் ஆள்கிறார் (பின்னதில் ஒரு முன்னொட்டு மட்டும் கூடுதல்). கையின் வேலைக்கு அம்மொழியில் வேறு சொற்கள் இருந்தன: கைப்பற்றுவதற்கு ‘ஃபோன்’ (தொலைபேசியோடு இதற்கு எந்த உறவும் இல்லை), இறுகப் பற்றுவதற்கு ‘க்ரீப்பன்’, எடுப்பதற்கு ‘நிமன்’.

கடலோடி எழுதியது:

ஐயா, கோத்திய மொழியில் ஒரு சொல் எப்படி வழங்கியது என்பது கோத்தியருக்குச் சான்று; இங்கிலாந்தில் அது எப்படி வழங்கியது என்பதற்கு இங்கிலாந்தின் நூல்களையே பார்க்க வேண்டும். நீங்கள் எடுத்துக்காட்டிய அதே காவியத்தின் 788ஆம் அடியை ஏன் தவிர்த்தீர்கள்? ஹெயரொட் மண்டபத்தில் கிரெண்டல் என்னும் அரக்கனைப் பேயோவுல்ஃப் வெறுங்கையால் மடக்கிய பின், அன்றைய மனிதருள் வலிமையில் மிக்கவன் அவனை ‘இறுகப் பிடித்திருந்தான்’ என்று கவிஞர் சொல்லும் இடத்தில் வருவது ‘ஹெயோல்ட்’ என்னும் இவ்வினையின் இறந்தகாலமே. அங்கே மேய்ச்சலும் இல்லை, ஆட்சியும் இல்லை. 30 பேரின் வலிமை கொண்டதாக முன்பே சொல்லப்பட்ட ஒரு கைதான் இருக்கிறது.

பொன்னி எழுதியது:

இருவரும் கையா கண்ணா என்று வழக்காடுகிறீர்கள். எனக்குக் காலமே முதன்மையாகப் படுகிறது. பழைய ஆங்கிலத்தில் ஆண்டுவாரியாக எழுதப்பட்ட ஆங்கிலோ சாக்சன் குறிப்பேட்டில் 871ஆம் ஆண்டுப் பதிவு, தமையன் ஈதல்ரெட் இறந்ததும் ஆல்ஃபிரட் அரசைக் கைக்கொண்டான் என்பதற்கு ‘ஃபோன்’ வினையின் இறந்தகாலமான ‘ஃபெங்’ என்பதைப் பயன்படுத்துகிறது. அவன் இறந்ததைச் சொல்லும் பதிவோ, 30 குளிர்காலத்துக்கு ஒன்றரை குறைய அவன் அரசை வைத்திருந்தான் என்று ‘ஹெயல்டன்’ வினையைக் கொண்டு கணக்கு முடிக்கிறது. தொடங்கும் கணத்துக்கு ஒரு வினை, நீடிக்கும் காலத்துக்கு இன்னொன்று. கடலோடி காட்டிய சண்டையும் இப்படித்தான் நடக்கிறது: 760ஆம் அடியில் பேயோவுல்ஃப் எழுந்து அரக்கனைப் பற்றும்போது வருவது ‘ஃபோன்’ குடும்பத்து வினை; அதற்குப் பிறகு விடாமல் வைத்திருக்கும்போதுதான் ‘ஹெயல்டன்’ வருகிறது.

இவற்றுள் ‘ஃபோன்’, ‘நிமன்’ இரண்டும் வழக்கொழிந்தன. எடுத்தல் என்னும் பொருளை வைக்கிங்குகளின் நோர்ஸ் மொழியிலிருந்து வந்த ‘டேக்’ பிடித்துக்கொண்டது. ‘ஃபோன்’ இன்று ‘ஃபேங்’ என்னும் கோரைப்பல்லில் ஒளிந்திருக்கிறது. ‘நிமன்’ திருடர் வழக்காகத் தாழ்ந்து, ஷேக்ஸ்பியரின் ‘ஐந்தாம் ஹென்றி’ நாடகத்தில் நிம் என்ற திருட்டுச் சிப்பாய்க்குப் பெயராயிற்று.

கடலோடி எழுதியது:

பொன்னி அவர்கள் சொல்லும் கால வேறுபாடு ஏற்கத்தக்கது. ஆனால் அது சொல்வேட்டையனுக்குத் துணை செய்யவில்லை. விடாமல் வைத்திருத்தல் என்பதே பொருளானால், கையால் வைத்திருப்பதும் கண்ணால் வைத்திருப்பதும் அதில் சமமாகவே அடங்கும். காத்தலுக்குத் தனி முதன்மை எங்கிருந்து வந்தது? இன்னொன்று. ஆங்கிலத் திருமண உறுதிமொழியில் ‘ஹேவ்’, ‘ஹோல்ட்’ இரண்டும் இணைந்து வருவதைச் சிலர் பழம்பெரும் ஆங்கில மரபு என்று போற்றுகிறார்கள். நிலப் பத்திரங்களில் இருந்த இலத்தீன் வாசகத்தின் மொழிபெயர்ப்பே அது. இங்கிலாந்துத் திருச்சபையின் 1549ஆம் ஆண்டுப் பொது வழிபாட்டு நூல் வழியாக அது நிலைபெற்றது.

சொல்வேட்டையன் எழுதியது:

அவ்விணை இலத்தீனுக்குக் கடன்பட்டதன்று. பேயோவுல்ஃப் ஏட்டுப்பிரதி ஏறத்தாழ 1000ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன் 658ஆம் அடியில் முதிய அரசன் ஹ்ரோத்கார், வீடுகளுள் சிறந்ததான தன் மண்டபத்தை இளைஞன் பேயோவுல்ஃபிடம் ஒப்படைக்கும்போது ‘ஹஃபா’, ‘யெஹெயால்ட்’ என்று இதே இரு வினைகளையும் ஏவலாக அடுக்குகிறான். வினைகள் இரண்டும் ஜெர்மானிய வேரின. ‘ஹேவ்’ என்பதும் இலத்தீன் ‘ஹபேரே’ என்பதும் ஒலியில் ஒத்திருப்பது தற்செயலே. இலத்தீனின் ககரம் ஆங்கிலத்தில் ஹகரமாவதால் ‘கபேரே’ என்பதே ‘ஹேவ்’ சொல்லுக்கு இனம். பத்திர எழுத்தர்கள் பிற்காலத்தில் இலத்தீன் இணைக்கு நிகராக இதைப் பயன்படுத்தியிருக்கலாம். அதனால் இணையே அவர்கள் ஆக்கியதாகிவிடாது.

அரசன் அடுத்துச் சொல்வதையும் கேளுங்கள். புகழை நினை, ஆற்றலைக் காட்டு, ‘பகைவனுக்கு எதிராக விழித்திரு’ என்கிறான். மண்டபத்தை ‘ஹோல்ட்’ செய்வது எப்படி என்பதற்கு அவன் தரும் விளக்கமே கண்விழித்தல்தான். மற்ற வீரர்கள் உறங்கிப்போகிறார்கள். ஒருவன் மட்டும் விழித்திருக்கிறான்.

கடலோடி எழுதியது:

மண்டபத்தை அவன் காத்தான் என்பதில் எனக்கு மறுப்பில்லை. 788ஆம் அடியில் அவ்வினைக்குச் செயப்படுபொருள் மண்டபம் அன்று, தப்பியோடத் துடிக்கும் அரக்கன். அவனை எவரும் காப்பதில்லை. உயிரோடு வெளியே விடக்கூடாது என்றே பேயோவுல்ஃப் பிடித்திருக்கிறான். அந்த அடியில் ‘காத்தான்’ என்று வைத்துப் பொருள் சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறேன்.