வெள்ளைப் பலகைக் காரை வாடகைக்கு ஓட்டலாமா?

கேள்வி: சொந்தப் பயன்பாட்டுக்கென மதுரையில் பதிவு செய்த காரை முகூர்த்த நாட்களில் மட்டும் வாடகைக்கு ஓட்ட எண்ணுகிறேன். என்னிடம் சாதாரண ஓட்டுநர் உரிமமே உள்ளது, அது போதுமா?

பதில் 1: உரிமம் தடையல்ல, ஐயா. 7,500 கிலோவுக்கு உட்பட்ட வாடகை வாகனத்தை இலகுரக வாகன உரிமத்துடனேயே ஓட்டலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் கூறியதை, அதன் அரசியல் சாசன அமர்வும் 2024 நவம்பரில் உறுதிப்படுத்தியது. சிக்கல் வண்டியில்தான்: 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66ஆம் பிரிவின்படி, பெர்மிட் இன்றி ஒரு நாள் ஓட்டினாலும் குற்றமே.

பதில் 2: வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வாடகை வாகனமாக மாற்றிப் பதிந்து, மஞ்சள் பலகையும் தகுதிச் சான்றும் பெர்மிட்டும் பெறுங்கள். காப்பீட்டையும் மாற்றாவிட்டால், விபத்தில் இழப்பீடு மறுக்கப்படலாம். சில முகூர்த்தங்களுக்காக இத்தனை அலைச்சலா என்பதே என் ஐயம்.