ஏர் ரைஃபிள் கட்டைக்கு வால்நட்: எந்தப் பலகையை எடுப்பது?

கேள்வி: மலைப்பாதை20

என் தந்தையார் பயன்படுத்திய, ஸ்பிரிங்கில் இயங்கும் பழைய ஏர் ரைஃபிள் ஒன்று ஏற்காட்டில் எங்கள் வீட்டில் இருக்கிறது. கை பிடிக்கும் கழுத்துப் பகுதியில் அதன் மரக்கட்டை விரிசல் விட்டுவிட்டது. இரண்டு முறை பசை வைத்தும் நிற்கவில்லை. இரும்புப் பாகங்களைத் தொடாமல், கட்டையை மட்டும் வால்நட்டில் நானே செதுக்கிக்கொள்ள விரும்புகிறேன்.

சேலத்தில் ஒரு மரக்கடையில் இரண்டரை அங்குலத் தடிப்பில் இரண்டு பலகைகளைக் காட்டினார்கள். ஒன்று காஷ்மீர் வால்நட்; சாம்பல் கலந்த பழுப்பில் கருங்கோடுகள் அலையலையாக ஓடுகின்றன, மனம் அதில்தான் நிற்கிறது. மற்றொன்றை ‘இந்தியன் வால்நட்’ என்றார்கள். நிறம் ஏறக்குறைய அதேதான், விலை பாதிக்கும் கீழே. எதை எடுப்பது? வாங்கியவுடன் வேலையைத் தொடங்கலாமா?

பதில்: உளிக்காரர்

ஐயா, நிறத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பழைய கட்டையின் வடிவத்தை அட்டையில் வெட்டி எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். அதைப் பலகையின்மேல் வைத்து, கழுத்து விழும் இடத்தில் ரேகை எப்படி ஓடுகிறது என்று முதலில் பாருங்கள். கோடரிக்காம்புக்கு மரம் பார்ப்பவர் ரேகை நெடுக ஓடுகிறதா என்று பார்ப்பாரே, அதே பார்வைதான் இதற்கும் வேண்டும். கழுத்தில் ரேகை குறுக்கே வெளியேறினால், எவ்வளவு உயர்ந்த வால்நட்டாக இருந்தாலும் அந்த இடத்தில்தான் பிளக்கும். உங்கள் பழைய கட்டையின் விரிசலை உற்றுப் பாருங்கள். அது ரேகையின் வழியே சாய்ந்து போயிருக்கும் என்றே நினைக்கிறேன். ஸ்பிரிங் ரைஃபிள் சுடும்போது முன்னும் பின்னுமாக இரண்டு பக்கமும் உதைப்பதால், அந்தக் கழுத்துக்கு ஓய்வே கிடையாது.

காஷ்மீரில் சிற்ப வேலைக்கு வேர்ப்பகுதி மரத்தை மேலாகக் கருதுவார்கள். நிறம் அடர்ந்து, கோடுகள் சுழன்று கிடக்கும். பெட்டிக்கும் தட்டுக்கும் அது அழகு. நமக்கு அந்தச் சுழிகள் தோளில் பதியும் அகன்ற பகுதியில் விழுந்தால் போதும். பலகையின் தலைப்பக்கத்தையும் பாருங்கள்: வளையக் கோடுகள் செங்குத்தாக நின்றால் கட்டை அதிகம் கோணாது. பச்சை வால்நட் முழுவதும் காய்ந்து முடிகையில் வளையத்தின் போக்கில் சுமார் 7.5 விழுக்காடும், நடுவிலிருந்து பட்டையை நோக்கி 5.5 விழுக்காடும் சுருங்குகிறது. கோணலுக்குக் காரணம் இந்த வித்தியாசம்தான். ஓரத்தில் வெளிறிய வெள்ளைப் பகுதி இருந்தால் கழித்துவிடுங்கள், வண்டு முதலில் அங்கேதான் துளைக்கும்.

பதில்: கோரிமேட்டு வாசகன்

அந்த ‘இந்தியன் வால்நட்’ நம் ஊர் வாகை மரமாகத்தான் இருக்க வேண்டும். மர வியாபாரத்தில் வாகைக்கு அப்படியொரு பெயர் நெடுநாளாகவே உண்டு. கடைக்காரர் ஏமாற்றினார் என்று எண்ண வேண்டாம். வாகை நல்ல மரம்தான். ஆனால் அதன் ரேகை ஒன்றுக்கொன்று எதிராகப் பின்னிக்கிடப்பதால், இழைப்புளி ஒரு திசையில் வழுக்கிக்கொண்டு போய் அடுத்த சாணில் சிராயைப் பிய்த்துவிடும். தூளும் மூக்கைப் பிடுங்கும். நான் ஒரு மேசைக்கால் இழைத்துவிட்டு இரண்டு நாள் தும்மிக்கொண்டிருந்தேன். குறி பார்த்துச் சுடுபவர் வாகை சூடுவது பொருத்தம்தான், ஆனாலும் முதல் வேலைக்கு வேண்டாம்.

பதில்: உளிக்காரர்

இரண்டாவது கேள்வியை விட்டுவிட்டேன். உடனே தொடங்காதீர்கள். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், மழைக்காலம் முழுவதும் பனிமூட்டத்தில் நனைகிற ஊர். சேலம் வறண்ட வெயில். கீழே காய்ந்த கட்டையில் இரும்பு இறுக்கமாக உட்காரும்படி குடைந்துவிட்டு மேலே கொண்டுபோனால், மரம் ஊதி இரும்பைக் கவ்வும். பலகையின் இரு தலைப்பிலும் மெழுகு பூசி, நிழலில் காற்றோட்டமாக வைத்து, வாரம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். எடை இறங்குவது நின்ற பிறகு ஏற்காட்டுக்குக் கொண்டுபோய் ஒரு மாதம் விட்டுவைத்து, சுற்றிலும் கால் அங்குலம் மிச்சம் விட்டு முரடாக வெட்டி, மறுபடியும் சில வாரம் ஆறப்போட வேண்டும். குடைந்த உட்பகுதிக்கும் ஆளிவிதை எண்ணெய் பூச மறக்காதீர்கள். பலரும் வெளிப்புறத்தை மட்டும் பளபளப்பாக்கிவிட்டு உள்ளே பச்சையாக விட்டுவிடுகிறார்கள்.

மலைப்பாதை20

இருவருக்கும் நன்றி. அட்டையோடு போனேன். காஷ்மீர்ப் பலகையில் நான் முதலில் மனத்தில் வைத்திருந்தபடி வைத்தால் அலைக்கோடுகள் சரியாகக் கழுத்தின் குறுக்கே விழுந்தன. அட்டையைத் தலைகீழாகத் திருப்பி இரண்டு அங்குலம் நகர்த்தியதும், கழுத்துக்கு நேரான ரேகை கிடைத்து, அலை முழுவதும் தோள்பக்கம் போய்விட்டது. அதையே வாங்கி, அம்மாபேட்டையில் தங்கை வீட்டு மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கிறேன். முதல் நாள் 6 கிலோ 240 கிராம். மூன்றாவது வாரத்தில் 6 கிலோ 90. இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது.