வள்ளத்தில் சூடேறிய கைபேசி: உங்கள் அனுபவங்களும் இருந்தால் எழுதுங்கள்

குளச்சல்காரன்:
அண்ணனின் வள்ளத்தில் அன்று நானும் இருந்தேன். வலை போட்ட இடங்களைக் குறிக்கும் செயலி முழுவதும் ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டது. வள்ளம் அசையாமல் நின்றபோதும் வரைபடம் நொடிதோறும் முதலிலிருந்து வரையப்பட்டதைத் திரையில் பார்த்தேன். உப்புநீர் படாதிருக்கப் பாலித்தீன் உறையில் கட்டியிருந்த அந்தப் பழைய ஆண்ட்ராய்டு கைபேசி கொதித்து, உறையின் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்திருந்ததை அண்ணன் தூக்கிக் காட்டினார். விடியுமுன் சார்ஜ் தீர்ந்துவிட்டது. ஜாவாஸ்கிரிப்ட் மொழிதான் இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். 2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகு, கடலுக்குப் போனவரின் கைபேசி அணைந்தால் எங்கள் வீடுகளில் ஒருவரும் உறங்குவதில்லை என்பதை இந்தச் செயலியைச் செய்தவர்கள் அறிய வேண்டும்.

தக்கலை நிரலாளர்:
மொழியின்மீது மட்டும் பழி போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. கரையை விட்டு விலகியதும் கைபேசி கோபுரத்தைத் தேடித் தேடியே மின்சாரத்தைத் தின்னும். செயலியைச் சி என்ற நிரல்மொழியில் எழுதினாலும் ஜிபிஎஸ்ஸும் திரை வெளிச்சமும் தின்னும் மின்சாரம் குறையாது. 2017-இல் போர்ச்சுக்கல் ஆய்வாளர்கள் மேசைக் கணினியில் அளந்தபோது, சி-யைவிடப் பைத்தான் ஏறத்தாழ 75 மடங்கும் ஜாவாஸ்கிரிப்ட் ஏறத்தாழ நாலரை மடங்கும் ஆற்றல் செலவிட்டன. பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் இரண்டுமே ஒரு மதிப்பு எண்ணா எழுத்தா என்ற வகையை நிரல் ஓடும்போது தீர்மானிக்கும் மொழிகள்தாம் என்பதால், நிரலைப் படித்து இயக்கும் மென்பொருளான எஞ்சின் எது என்பதே பெரிய கேள்வி. நாங்கள் ரப்பர் பால் எடை பதியும் செயலியை, ஜாவாஸ்கிரிப்டில் கைபேசிச் செயலி எழுத உதவும் ரியாக்ட் நேட்டிவில் செய்திருந்தோம்; அதை ஹெர்மிஸ் எஞ்சினுக்கு மாற்றினோம். அது நிரலை, எஞ்சின் எளிதில் இயக்கக்கூடிய பைட்கோடு என்ற வடிவத்துக்கு முன்கூட்டியே மாற்றி வைப்பதால், அதுவரை வெற்றுத் திரையைப் பார்த்து நின்ற கொள்முதல்காரர், பால் வாளியைத் தராசில் வைக்கும்போதே எடையைப் பதியத் தொடங்கினார்.

மார்த்தாண்டம் வாசகர்:
என் மகளின் பள்ளிச் செயலியும் இரவெல்லாம் பின்னணியில் ஓடி மின்கலத்தைக் காலி செய்தது. குளச்சல் நண்பர் முதலில் அமைப்புகளில் மின்கலப் பயன்பாட்டுப் பட்டியலைப் பார்க்கட்டும். செயலியை எழுதியவர்களிடம், இடம் மாறினால் மட்டும் வரையச் சொல்லுங்கள். நிரல் நொடிதோறும் நினைவகத்தில் புதிய தரவுப் பொருள்களை உருவாக்கினால், பயன்படாதவற்றை நீக்கி நினைவகத்தைத் துப்புரவு செய்யவே கைபேசியின் புராசசர் அடிக்கடி விழிக்க நேரும். தரவைச் சிறிது சிறிதாக அனுப்பாமல் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள், ஏனெனில் ஒவ்வொரு முறை அனுப்பிய பின்னும் கோபுரத்தோடு பேசும் கைபேசியின் ரேடியோ பகுதி சில நொடிகள் அடங்காமல் விழித்திருக்கும். தக்கலை நண்பருக்கு ஒன்று: எஞ்சினை மாற்றுவது எல்லா இடத்திலும் கைகொடுக்காது. ஓடும்போதே இயந்திர மொழியாக்கும் ஜிட் வசதியை ஐபோனில் உலாவி எஞ்சினுக்கு வெளியே ஆப்பிள் பொதுவாக அனுமதிப்பதில்லை. அனுமதி உள்ள இடத்திலும் அந்த மொழியாக்கத்துக்கே நினைவகமும் மின்சாரமும் செலவாகும், ஒரு நிமிடம் திறந்து மூடும் செயலியில் அந்தச் செலவு திரும்பக் கிடைப்பதில்லை.